எட்டு மில்லிமீட்டர் இலக்கணம்: வளர்ந்தோரின் லெகோ வடிவமைப்பு

விளையாட்டுப் பொருளாக விற்கப்படும் ஒன்றில் பெரியவர்கள் ஆண்டுக்கணக்காக மனத்தை ஊன்றும்போது, அதைக் குழந்தைத்தனத்தின் மிச்சம் என்று ஒதுக்கிவிடுவதும், கழிந்த பருவத்தின் மீதான ஏக்கம் என்று இரக்கத்தோடு விளக்கிவிடுவதும் எளிது. டென்மார்க்கின் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் பிறந்த லெகோ கட்டைகளைக் கொண்டு, பெட்டியோடு வரும் செய்முறைக் கையேட்டைப் பின்பற்றாமல், கட்டடங்களையும் ஊர்திகளையும் எந்திரங்களையும் தாமே வடிவமைக்கும் பெரியவர்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த இரு விளக்கங்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் அவர்கள் உண்மையில் செய்வது என்ன என்பதைக் கட்டையின் அளவுகளிலிருந்து தொடங்கிப் பார்த்தால், வெட்டவோ வளைக்கவோ கூடாத உறுப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு புதிய வடிவங்களை எட்டும் முறையான வடிவமைப்புத் துறை ஒன்று அங்கே வளர்ந்திருப்பது தெரியவரும். அத்துறைக்கென அளவைகளும் நெறிகளும் திறனாய்வும் இருப்பதோடு, எந்தப் படைப்புத் துறையிலும் எழுகின்ற உரிமைச் சிக்கல்களும் அதில் எழுந்துள்ளன.

இவ்வட்டத்தில் வழங்கும் இரண்டு சொற்களை முதலிலேயே விளக்கிக்கொள்வது நல்லது. லெகோவில் ஈடுபாடு கொண்ட வளர்ந்தோரை 'ஏஃபோல்' என்று குறிக்கிறார்கள்; அத்தகைய ஒருவர் கையேடு எதுவுமின்றித் தாமே வடிவமைத்த மாதிரி 'மாக்' எனப்படுகிறது. இரண்டுமே ஆங்கிலத் தொடர்களின் முதலெழுத்துகளால் ஆனவை. ஏஃபோல்கள் அனைவரும் மாக் வடிவமைப்பவர்கள் அல்லர். பெட்டியைத் திறக்காமலே சேர்த்து வைப்பவர்களும், கையேட்டின்படி கட்டி அலமாரியில் நிறுத்துவதோடு நிறைவடைபவர்களும் அவர்களுள் மிகப் பலர். அவர்களுடைய மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. எனினும் சேகரிப்பு வேறு, வடிவமைப்பு வேறு. இங்கே ஆராயப்படுவது பின்னதே.

கட்டிவிளையாடும் பொருளைப் பெரியவர்கள் கையில் எடுத்துக்கொண்டது லெகோவோடு தொடங்கிய வழக்கமன்று. பறக்கும் முயற்சிகளால் புகழ்பெற்ற ஓட்டோ லிலியந்தாலும் அவருடைய தம்பி குஸ்டாவும் மணல், சுண்ணக்கல் தூள், ஆளிவிதை எண்ணெய் ஆகியவற்றைக் கலந்து உருவாக்கிய கற்கட்டைகளை, ஜெர்மனியின் ரூடோல்ஸ்டாட் நகரில் ரிக்டர் என்பவர் 1880களில் பெருமளவில் உற்பத்தி செய்தார்; 'ஆங்கர்' என்னும் பெயர்பெற்ற அக்கற்களால் மாளிகைகளையும் தேவாலயங்களையும் கட்டும் பெரியவர்களின் சங்கம் நெதர்லாந்தில் இன்றும் இயங்குகிறது. லிவர்பூலைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி 1901இல் காப்புரிமை பெற்ற மெக்கானோ, துளையிட்ட உலோகப் பட்டைகளையும் பல்சக்கரங்களையும் திருகாணிகளால் இணைக்கும் தொகுப்பாகும். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீயும் ஆர்தர் போர்ட்டரும் 1934இல், வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் கணக்கீட்டு எந்திரம் ஒன்றைப் பெரும்பாலும் மெக்கானோ உறுப்புகளைக் கொண்டே அமைத்துக் காட்டினார்கள். விளையாட்டுப் பொருளின் உறுப்புகள் நுட்பமாகவும் ஒரே அளவினவாகவும் அமைந்துவிட்டால், அவை ஆராய்ச்சிக்கூடத்துக்குள்ளும் இடம்பெறும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

லெகோவின் தனித்தன்மை அதன் பிடிமானத்தில் இருக்கிறது. தச்சரான ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் 1932இல் தொடங்கிய மரப்பொம்மைத் தொழிலகம், பிரிட்டனின் ஹிலரி ஃபிஷர் பேஜ் உருவாக்கிய பிளாஸ்டிக் கட்டைகளை முன்மாதிரியாகக் கொண்டு 1949இல் தன் முதற் கட்டைகளை வெளியிட்டது. மேலே குமிழ்களும் கீழே வெற்றிடமுமாக இருந்த அவை ஒன்றன்மேல் ஒன்று நின்றனவே தவிர, இறுகப் பற்றிக்கொள்ளவில்லை. ஓலேயின் மகன் கோட்ஃபிரெட் 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்த திருத்தம், கட்டையின் அடியில் உள்ளீடற்ற குழாய்களைச் சேர்த்தது. கீழுள்ள கட்டையின் குமிழ்கள் மேலுள்ள கட்டையின் சுவருக்கும் குழாய்க்கும் இடையே நெருக்கிப் பிடிக்கப்பட்டதால், எந்த நிலையில் இணைத்தாலும் பிடிப்பு உறுதியாயிற்று. 1963 முதல் ஏ.பி.எஸ். என்னும் கடினமான பிளாஸ்டிக் பயன்பாட்டுக்கு வந்தபின் அளவுகளும் நிலைபெற்றன. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வெளிவந்துள்ள உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்துவதால், இன்றைய வடிவமைப்பாளருக்கு அந்த நெடுங்கால உற்பத்தி முழுவதுமே ஒரே பண்டகசாலையாகப் பயன்படுகிறது.

அந்தப் பண்டகசாலை எவ்வளவு பெரிது என்பதைக் கணிதம் ஓரளவு காட்டியிருக்கிறது. இரண்டு வரிசையில் நான்கு நான்காக எட்டுக் குமிழ்கள் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் இரண்டை 24 வகைகளில் இணைக்கலாம். மூன்றை 1,060 வகைகளில் இணைக்கலாம். ஆறு கட்டைகளுக்கு ஏறத்தாழ 10.3 கோடி வகைகள் உண்டென்று லெகோ நிறுவனம் நெடுங்காலம் கூறிவந்தது. ஆனால் அக்கணக்கு ஆறடுக்குக் கோபுரங்களை மட்டுமே எண்ணியது என்பதைக் கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் சோரென் ஐலெர்ஸ் சுட்டிக்காட்டி, எல்லா இணைப்புகளையும் கணினியால் எண்ணி 91,51,03,765 என்னும் விடையைத் தந்தார். எண் வியப்பளிப்பதுதான்; ஆயினும் வடிவமைப்பாளரின் இடர்ப்பாடு இந்தப் பெருக்கத்தில் இல்லை. கோடிக்கணக்கான இணைப்புகளுள் ஒரு குதிரையின் கழுத்து வளைவாகவோ, ஓர் ஓட்டு வீட்டின் தாழ்வாரமாகவோ கண்ணுக்குத் தோன்றக்கூடியவை மிகச் சிலவே. அவற்றைத் தேடிக் கண்டெடுப்பதே இக்கலை. அசையும் சீரும் தளையும் வரையறுத்த வெண்பாவுக்குள் தான் கருதிய பொருளைச் சிதையாமல் கொண்டுவந்து சேர்க்கும் புலவரின் உழைப்புக்கு இது நெருங்கிய உறவுடையது.

இந்த இலக்கணத்தின் அடிப்படை அளவு எட்டு மில்லிமீட்டர். ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவரை உள்ள தொலைவு அது. கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர், அதில் மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள மெல்லிய உறுப்பைத் 'தகடு' எனலாம், அதன் தடிப்பு 3.2 மில்லிமீட்டர். அகலமும் உயரமும் சமமாக இல்லாதது முதற்பார்வையில் குறையாகத் தோன்றும். கட்டையைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால், நிமிர்ந்த கட்டைகளோடு அது வரிசை சேராது போகும். ஆயினும் ஐந்து தகடுகளை அடுக்கினால் கிடைக்கும் 16 மில்லிமீட்டர் உயரம், இரண்டு குமிழ்களின் அகலத்துக்கு மிகச் சரியாக ஈடாகிறது. ஐந்துக்கு இரண்டு என்னும் இந்த விகிதத்தை அறிந்தவர், மாதிரியின் ஒரு பகுதியைப் படுக்கவைத்தும் தலைகீழாகத் திருப்பியும் மற்ற பகுதியோடு இடைவெளியின்றிப் பூட்டிவிட முடியும். குமிழ்கள் மேல்நோக்கி இராதபடி கட்டும் இம்முறையை 'ஸ்னாட்' என்கிறார்கள். வளர்ந்தோரின் வடிவமைப்பையும் சிறுவரின் கட்டுதலையும் பிரிக்கும் கோடு எது என்று கேட்டால், நிறத்தையோ அளவையோ காட்டிலும் இதையே முதலிற் சொல்ல வேண்டும். குமிழ்கள் எல்லாம் மேல்நோக்கி நிற்கும்வரை மாதிரி ஓர் அடுக்கு மட்டுமே. திசைகள் விடுபட்ட பிறகுதான் அது செதுக்கிய வடிவத்தின் தன்மையைப் பெறுகிறது.

திசைமாற்றத்துக்கு உதவும் உறுப்புகளின் வரலாறும் கவனத்துக்குரியது. பொம்மைக் காரின் முகப்பு விளக்கைப் பொருத்துவதற்காக 1980ஐ ஒட்டி அறிமுகமான சிறு கட்டை ஒன்றுக்கு, மேலே மட்டுமன்றிப் பக்கத்திலும் உள்ளடங்கிய ஒரு குமிழ் உண்டு. விளக்குக்காக வந்த அது, காலப்போக்கில் சுவர்ப்பூச்சு, சன்னல் சட்டம், கதவு நிலை என எங்கும் புகுந்துவிட்டது. மடித்த வடிவிலான 'பிராக்கெட்' உறுப்பின் ஒரு பக்கம் தகட்டில் பாதித் தடிப்பே, அதாவது 1.6 மில்லிமீட்டரே, கொண்டது. அரைத் தகட்டளவு முன்பின் நகர்த்த அது வழிசெய்வதால், சுவரில் நுண்ணிய புடைப்புகளையும் உள்வாங்கல்களையும் கொண்டுவரலாம். இவற்றின் பயன் உச்சத்தைத் தொடுவது கோளவடிவில்தான். புரூஸ் லோவெல் 2002இல் வடிவமைத்த கோளத்தின் நடுவில் ஆறு முகங்களிலும் குமிழ்கள் வெளிநோக்கிய கனசதுரம் ஒன்று இருக்கிறது. படிப்படியாகச் சிறுக்கும் தகடுகளாலான ஒரேமாதிரியான ஆறு மேடுகள் அம்முகங்களின்மேல் பூட்டப்படுகின்றன. அவை சந்திக்கும் இடங்களில் ஐந்துக்கு இரண்டு விகிதம் இடைவெளியை மூடிவிடுகிறது. வளைந்த உறுப்பு ஒன்றைக்கூடப் பயன்படுத்தாமல் உருண்டை கிடைக்கிறது. 'லோவெல் கோளம்' என்று வடிவமைப்பாளரின் பெயராலேயே அது வழங்குவது, இத்துறையில் ஓர் உத்தியைக் கண்டறிவதற்குத் தரப்படும் மதிப்பைக் காட்டுகிறது. கணித ஆசிரியரான ஆர்தர் கூகிக் உலகின் புகழ்பெற்ற குவிமாடக் கட்டடங்களை மாதிரிகளாக்கி அறியப்பட்டதும் இதே வகைச் சிக்கலைத் தீர்த்ததால்தான்.

அளவுவிகிதம் என்பது இன்னொரு நெடிய சிக்கல். 1978 முதல் இன்றைய வடிவில் வரும் லெகோ மனித உருவத்தின் உயரம் ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர். உயரத்தை வைத்துக் கணக்கிட்டால் உண்மையான கட்டடத்தை ஏறத்தாழ நாற்பத்துநான்கில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும். ஆனால் அவ்வுருவம் அளவுக்கு மிஞ்சி அகலமானது. அக்கணக்கில் அமைத்த கதவு அதற்கு இடுக்காகிவிடும், நாற்காலியில் அது உட்காரவும் முடியாது. எனவே உருவத்துக்கேற்ற அளவில் வடிவமைப்பவர் எதை நீட்டுவது, எதைக் குறுக்குவது என்று ஒவ்வோர் இடத்திலும் முடிவெடுக்க வேண்டியுள்ளது. இதற்கு மறுமுனையில் இருப்பது 'மைக்ரோ' அளவு. அங்கே ஒரு குமிழ் ஒரு மாடியாகவும் ஒரு பற்சக்கரம் ஒரு ரோசாச் சன்னலாகவும் மாறும். ஓர் உறுப்பை அது செய்யப்பட்ட நோக்கத்துக்கு அயலான இடத்தில் பொருத்தி, பார்ப்பவர் அதை மறுபடி உற்றுநோக்கும்படி செய்வதே இந்த வட்டத்தில் மிக உயர்வாகப் போற்றப்படும் திறன். வாழைப்பழ உறுப்பு மாடப்பிறையின் விளிம்பாவதும், தவளை உறுப்புகள் வரிசையாக நின்று கட்டட முகப்பின் சிற்ப வேலைப்பாடாவதும் அத்தகையன. சிறிய மாதிரிகளிலேயே இத்திறன் தெளிவாக வெளிப்படுகிறது. இலட்சக்கணக்கான கட்டைகளால் ஆன பெருமாதிரிகளுக்குச் செய்தியிதழ்கள் தரும் இடத்தில் ஒரு பங்கேனும் கையளவு மாதிரிகளுக்குக் கிடைத்திருக்குமானால், இக்கலை பற்றிய பொதுப்புரிதல் வேறாக இருந்திருக்கும்.

செய்ய முடிந்த எல்லாவற்றையும் செய்யலாமா என்ற கேள்விக்கும் இத்துறையில் விடை தேடப்பட்டுள்ளது. இரண்டு குமிழ்களுக்கு இடைப்பட்ட வெளி கணக்குப்படி 3.2 மில்லிமீட்டர், எனவே ஒரு தகட்டை நிமிர்த்தி அந்த இடுக்கில் சொருக முடியும். ஆனால் அது உறுப்புகளை இறுக்கி நாளடைவில் பழுதாக்கும் என்பதால், தவிர்க்க வேண்டிய உத்தியாக எண்ணப்படுகிறது. ஆர்வலராக இருந்து லெகோவின் வடிவமைப்பாளராகச் சேர்ந்த ஜேமி பெரார்ட், இத்தகைய இணைப்புகளைப் படங்களோடு வகைப்படுத்தி 2006இல் அமெரிக்க ஆர்வலர் மாநாடு ஒன்றில் அளித்த விளக்கம், நிறுவனத்துக்குள் வழங்கிய நெறிகளை வெளியாருக்கும் தெரிவித்த முதன்மையான ஆவணமாக விளங்குகிறது. பசை ஒட்டுவது, உறுப்பை அறுப்பது, வண்ணம் பூசுவது ஆகியவற்றைப் பெரும்பாலோர் தாமாகவே விலக்குகிறார்கள். எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாத இவ்விலக்குகளை இவ்வளவு பேர் மனமுவந்து ஏற்பதற்குக் காரணம் எளியது: அறுத்து ஒட்டலாம் என்றாகிவிட்டால் தீர்ப்பதற்குச் சிக்கல் எதுவும் மிஞ்சாது.

1977இல் தொடங்கிய 'டெக்னிக்' வரிசை அசைவை உள்ளே கொண்டுவந்தது. அதன் பற்சக்கரங்கள் எட்டு மில்லிமீட்டர் கட்டத்துக்குள் அடங்குமாறு கணக்கிடப்பட்டவை. எட்டுப் பற்கள் கொண்ட சக்கரத்தின் ஆரம் 4 மில்லிமீட்டர், 24 பற்கள் கொண்டதன் ஆரம் 12 மில்லிமீட்டர். இரண்டையும் சேர்த்தால் அச்சுகளுக்கு இடையே 16 மில்லிமீட்டர், அதாவது சரியாக இரண்டு குமிழ் தொலைவு. இதனைக் கொண்டு வேகமாற்றிப் பெட்டிகளையும் தறிகளையும் கடிகாரங்களையும் பெரியவர்கள் வடிவமைத்திருக்கிறார்கள். இவ்வகையில் 2005 முதல் பரவிய 'கிரேட் பால் கன்ட்ராப்ஷன்' என்னும் கூட்டு எந்திரம் தனியே குறிப்பிடத்தக்கது: ஒவ்வொருவரும் அமைக்கும் எந்திரப் பகுதி, சராசரியாக நொடிக்கு ஒரு பந்து என்னும் வேகத்தில் சிறு பந்துகளை வாங்கி அடுத்ததற்குக் கடத்த வேண்டும் என்னும் பொதுவிதியை மட்டும் வகுத்துக்கொண்டதால், முன்பின் சந்தித்திராதவர்களின் எந்திரங்கள் ஒரு மண்டபத்தில் ஒன்றுசேர்ந்து இயங்குகின்றன. ஜப்பானின் அகியூகி என்னும் பெயரில் இயங்கும் வடிவமைப்பாளரின் பகுதிகள் உலகெங்கும் பிறரால் கட்டிப் பார்க்கப்படுகின்றன.

கணினி இந்த ஈடுபாட்டின் தன்மையையே மாற்றியது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் 1995இல் உருவாக்கி இலவசமாக வழங்கிய எல்டிரா என்னும் மென்பொருளும் அதன் உறுப்புக் கோப்பு முறையும் இதன் தொடக்கம். 0.4 மில்லிமீட்டரை ஓர் அலகாகக் கொண்ட அம்முறையில் குமிழ்த் தொலைவு 20 அலகு, கட்டை உயரம் 24 அலகு, தகடு 8 அலகு என எல்லாம் முழு எண்களாக அமைந்தன. ஜெஸ்ஸிமன் 1997இல் இளமையிலேயே மறைந்தார். ஆயினும் அவர் வகுத்த கோப்பு முறையை ஆர்வலர்கள் கூட்டாக வளர்த்து இன்றுவரை காத்துவருகிறார்கள். நிறுவனம் தானே வெளியிட்ட வடிவமைப்பு மென்பொருள் 2022இல் கைவிடப்பட்டதை எண்ணிப் பார்த்தால், ஊதியமின்றி உழைத்தவர்களின் படைப்பே நீடித்திருப்பது விளங்கும். டேன் ஜெசெக் 2000இல் தொடங்கிய பிரிக்லிங்க் என்னும் சந்தை, பழைய உறுப்புகளையும் தனித்தனி உறுப்புகளையும் உலகெங்கும் சிறு விற்பனையாளர்களிடமிருந்து வாங்க வழிசெய்தது. திரையில் வரைந்ததைக் கையால் கட்டுவது அதனால் நடைமுறைக்கு வந்தது. அதன் 'ஸ்டூடியோ' மென்பொருளே இன்று பலரின் வரைபலகை.

திரையில் மட்டும் நிற்கும் மாதிரிகளை முழுமையான படைப்புகளாகக் கொள்ளலாமா என்பது ஆர்வலரிடையே தீராத விவாதம். திரைக்குள் ஈர்ப்புவிசை இல்லை, உறுப்புகள் தீர்வதில்லை, உற்பத்தியே செய்யப்படாத நிறத்திலும் ஓர் உறுப்பை வரைந்துவிடலாம். கையில் எடுத்ததும் தன் எடையால் சரியும் பாலமும், கட்டும் வரிசையில் விரல் நுழைய இடமில்லாத கோபுரமும் திரையில் குறையற்றே தோன்றும். எனவே பிளாஸ்டிக்கில் கட்டி உறுதிப்படுத்தப்படாத வடிவமைப்பை வரைவு என்று மட்டுமே கொள்வது பொருத்தம். கட்டும் வரிசையை எழுதுவதும் வடிவமைப்பின் ஒரு பகுதிதான். அறிமுகமற்ற ஒருவர் படங்களை மட்டும் பார்த்துப் பிழையின்றிக் கட்டக்கூடிய கையேட்டை அமைப்பதற்கு, மாதிரியை உருவாக்கியதற்கு ஈடான உழைப்பு தேவைப்படுகிறது.

பொருளின் குணமும் வடிவமைப்பாளரைக் கட்டுப்படுத்துகிறது. வெள்ளை, நீலம், சாம்பல் நிறக் கட்டைகள் வெயில் படும் இடத்தில் பழுப்பேறுகின்றன. செம்பழுப்பு நிறத்தில் சில காலத்து உறுப்புகள் எளிதில் விரிசல் விடுவது பலரும் அறிந்தது. 2003–04 காலத்தில் லெகோ தன் சாம்பல் நிறங்களைச் சற்று நீலம் கலந்தவையாக மாற்றியபோது ஏஃபோல்களிடமிருந்து எழுந்த எதிர்ப்பு, வெளியாருக்கு மிகையாகத் தோன்றியிருக்கலாம். கோட்டைகளுக்கும் விண்கலங்களுக்கும் ஆண்டுக்கணக்காகச் சேர்த்துவைத்த உறுப்புகளோடு புதியவை ஒத்துப்போகாமல் போனதே அவர்களுடைய குறை. அது முற்றிலும் நியாயமானது.

இந்த ஈடுபாட்டைச் சமூகவியல் எவ்வாறு விளக்குகிறது? கனடியச் சமூகவியலாளர் ராபர்ட் ஸ்டெப்பின்ஸ் 1982இல் முன்வைத்த 'தீவிர ஓய்வுநேர ஈடுபாடு' என்னும் கருத்தாக்கம் இங்கே மிகவும் பயன்படுகிறது. விடாமுயற்சி, படிப்படியான வளர்ச்சி, தனி அறிவும் பயிற்சியும் தேவைப்படுதல், நிலையான பயன், தமக்கென ஒரு குழுப்பண்பாடு, அச்செயலாலேயே தம்மை அடையாளப்படுத்திக்கொள்ளுதல் ஆகிய ஆறு இயல்புகளை அவர் சுட்டினார். மாக் வடிவமைப்பாளரிடம் ஆறும் காணப்படுகின்றன. ஏக்கமே காரணம் என்னும் விளக்கம் இதன் முன்னே வலுவிழக்கிறது. பதின்பருவத்தில் கட்டைகளை விட்டுப் பிரிந்து பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிவருவது பலருக்கும் பொதுவான அனுபவம். அந்த இடைவெளியை அவர்களே 'இருண்ட காலம்' என்று அழைக்கிறார்கள். திரும்பி வரச்செய்வது பழைய நினைவாக இருக்கலாம். ஆனால் ஐந்துக்கு இரண்டு விகிதத்தையும் பற்சக்கரக் கணக்கையும் கற்றுக்கொண்டு பல ஆண்டுகள் நீடிக்கவைப்பது நினைவன்று. தீராத சிக்கலின் ஈர்ப்பும், தீர்த்ததைப் புரிந்துகொண்டு பாராட்டும் நிகரானவர்களின் இருப்புமே.

பொருளாதார ஆய்வாளர்கள் இதை வேறு கோணத்தில் நோக்கினர். ஒரு பொருளின் முன்னேற்றம் உற்பத்தியாளரிடமிருந்து மட்டுமன்றி, அதை ஆழமாகப் பயன்படுத்துவோரிடமிருந்தும் வருகிறது என்று எரிக் ஃபான் ஹிப்பெல் நிறுவிய கருத்துக்கு லெகோ தெளிவான எடுத்துக்காட்டாயிற்று. 1998இல் வந்த 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்னும் ரோபோத் தொகுப்பின் கட்டுப்பாட்டுக் கணினியைப் பயனர்கள் விரைவிலேயே பகுத்தாராய்ந்து அதற்குப் புதிய நிரல்களை எழுதியபோது, நிறுவனம் வழக்குத் தொடராமல் அவ்வாறு மாற்றியெழுதும் உரிமையை ஏற்றுக்கொண்டது. 2006இல் வந்த அடுத்த தலைமுறையை வடிவமைக்கையில் பயனர்களையே ஆலோசகர்களாக அமர்த்தியது. 2003, 2004 ஆண்டுகளின் கடும் நட்டத்துக்குப்பின் யோர்கன் விக் குனுட்ஸ்டார்ப் தலைமையில் நிறுவனம் மீண்டெழுந்த காலத்தில் இந்த உறவு இன்னும் நெருங்கியது. பெரார்ட் வடிவமைத்து 2007இல் வந்த 2,056 உறுப்புகள் கொண்ட 'கஃபே கார்னர்' என்னும் தெருமுனைக் கட்டடம், பெரியவர்களின் உத்திகளைக் கடைப்பெட்டிக்குள் கொண்டுவந்தது. சிகாகோக் கட்டடக் கலைஞர் ஆடம் ரீட் டக்கரின் மாதிரிகள் 2008இல் 'ஆர்க்கிடெக்சர்' வரிசைக்கு வித்திட்டன. அதே ஆண்டு ஜப்பானில் தொடங்கிய 'கூசூ' திட்டம் 2014இல் 'லெகோ ஐடியாஸ்' ஆயிற்று. 10,000 பேரின் ஆதரவைப் பெறும் வடிவமைப்பு நிறுவனத்தின் பரிசீலனைக்குச் செல்லும். தேர்வானால் உருவாக்கியவருக்கு நிகர விற்பனையில் ஒரு விழுக்காடு கிடைக்கும். 1,969 உறுப்புகளாலான சாட்டர்ன் ஃபைவ் ஏவூர்தி மாதிரியும், நாசாவின் பெண் அறிவியலாளர்களைச் சிறப்பிக்கும் தொகுப்பும் இவ்வழியே 2017இல் வெளிவந்தன. 2019இல் பிரிக்லிங்க்கை லெகோவே வாங்கிக்கொண்டது. 2020இல் தொகுப்புகள் சிலவற்றின் பெட்டியில் '18+' என்னும் குறி இடம்பெறத் தொடங்கியது. பில்லுண்டில் 2017இல் திறக்கப்பட்ட 'லெகோ ஹவுஸ்' கட்டடத்தின் மேல்தளத்தில், நிறுவனத்தின் வடிவமைப்பாளர்களுடையவை அல்லாமல் ஆர்வலர்களின் மாதிரிகளே கலைக்கூடப் பொருள்களாக வைக்கப்பட்டுள்ளன.

இந்தியாவைப் பொறுத்தவரை இக்கலைக்குப் பெருந்தடை விலை. 5,922 உறுப்புகள் கொண்ட தாஜ்மகால் தொகுப்பை 2008இலேயே லெகோ வெளியிட்டது. ஆயினும் பொம்மைகள் மீதான அடிப்படைச் சுங்கவரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60ஆகவும், 2023இல் 70ஆகவும் உயர்ந்தபின், வெளிநாட்டிலிருந்து உறுப்புகளைத் தனித்தனியாகத் தருவித்துக் கட்டுவது செலவு மிகுந்த முயற்சியாகிவிட்டது. இலவசமாகக் கிடைக்கும் வடிவமைப்பு மென்பொருளே இங்குள்ளோருக்கு எட்டும் வாயில். கோபுரத்தின் தளங்களும் தேரின் அடுக்குகளும் ஐந்துக்கு இரண்டு விகிதத்துக்குள் எவ்வாறு அமையும் என்பதைத் திரையிலேனும் வரைந்து பார்ப்பவர்களுக்கு வேலை நிறைய இருக்கிறது.

எஞ்சி நிற்கும் பெரிய கேள்வி ஆசிரியத்துவம் பற்றியது. கட்டையின் காப்புரிமை காலாவதியாகிவிட்டது. அதன் வடிவத்தை வணிகக்குறியாக்க லெகோ செய்த முயற்சியைக் கனடாவின் உச்சநீதிமன்றம் 2005இலும் ஐரோப்பிய நீதிமன்றம் 2010இலும் ஏற்கவில்லை. எனவே யார் வேண்டுமானாலும் பொருந்தும் கட்டைகளைச் செய்யலாம் என்பது முறையானதே. ஆனால் வடிவமைப்பு அப்படிப்பட்டதன்று. 2019இல் ஷாங்காய்க் காவல்துறையின் சோதனைக்கு உள்ளான லெப்பின் என்னும் போலித் தயாரிப்பு, லெகோவின் தொகுப்புகளோடு ஆர்வலர்களின் சொந்த மாதிரிகளையும் அனுமதியின்றிப் பெட்டியிலிட்டு விற்றது. பெருநிறுவனத்துக்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். மாலை நேரங்களில் ஒரு கூரையின் சரிவைப் பலமுறை பிரித்துக் கட்டிச் சரிசெய்த தனிமனிதருக்கு அவர் வெளியிட்ட கையேட்டைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை. இந்நிலையில் காட்சி நடத்துவோரும், படம் வெளியிடுவோரும், பிறர் வடிவமைத்ததைக் கட்டி மகிழ்வோரும் செய்ய வேண்டியவை இரண்டு: கையேட்டை வடிவமைப்பாளரிடமிருந்தே விலைகொடுத்துப் பெறுவதும், கட்டியவரின் பெயருக்கு முன்னால் வடிவமைத்தவரின் பெயரைத் தவறாமல் எழுதிவைப்பதும்.